ஸ்டெம் செல் சிகிச்சையும் நாட்பட்ட தோல் நோய்களும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பாமசி மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்ற எவருக்கும், மருந்துத் துண்டை நீட்டியபடியே குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்விகள் பழக்கமானவை. அண்மைக் காலமாக அவற்றுள் அதிகம் வருவது ஸ்டெம் செல் பற்றியது. தோலில் செதில் உதிரும் நோயான சொரியாசிஸுக்குப் பல ஆண்டுகளாக மருந்து எடுப்பவர் ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "இது உண்மையா?" என்று கேட்பார், மகளின் முகத்தில் வெண்புள்ளி கண்ட தாய், சென்னையிலிருந்து வந்த கட்டண மதிப்பீட்டை மடித்துக்கொண்டு வருவார். அந்த இடத்தில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்ல இயலாதவற்றை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன். உங்கள் நோயைப் பார்த்துச் சொல்லவேண்டியது உங்கள் வைத்திய நிபுணர்தான்.

ஸ்டெம் செல் என்பது எது?

பாடசாலையில் 'கலம்' என்று நாம் படித்ததைத்தான் இங்கே செல் என்கிறோம். உடலின் பெரும்பாலான கலங்கள் ஒரு தொழிலை ஏற்று அதிலேயே முடிந்துபோகின்றன. ஸ்டெம் செல் அப்படி ஒரு தொழிலுக்குள் இன்னும் அடங்காதது. தன்னைப் போன்ற கலங்களைப் பெருக்கவும், தேவை வரும்போது தொழில் செய்யும் கலங்களைப் பிறப்பிக்கவும் வல்லது. தமிழில் குருத்தணு என்றும் எழுதுவார்கள். எலும்பு மச்சையில் இருப்பவை செங்குருதிக்கலம், வெண்குருதிக்கலம், குருதிச் சிறுதட்டு ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. தோலின் அடிப்படையிலும் மயிர்க்கால்களிலும் வேறு ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. சிராய்ப்பு ஆறுவதும், பழைய தோல் உதிர்ந்து புதியது வருவதும் அவற்றாலேயே.

என் நோய் தன்னெதிர்ப்பு நோயா?

உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி உடலின் சொந்தக் கலங்களையே பகையாகக் கருதித் தாக்கும் நிலையைத் தன்னெதிர்ப்பு என்கிறோம். தோலில் வெளிப்படுபவற்றுள் வெண்புள்ளி, கொப்புள நோயான பெம்பிகஸ், தோலோடு சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடிய லூபஸ், தோல் இறுகும் நோயான ஸ்க்லெரோடெர்மா, புழுவெட்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சொரியாசிஸையும் பொதுவாக இதனுடன் சேர்த்தே பேசுகிறோம். கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமா ஒவ்வாமையோடும் தோலின் காப்புப் படலம் பலவீனமாக இருப்பதோடும் தொடர்புடையது. அதை இந்தப் பட்டியலில் வைக்கவேண்டியதில்லை. இவற்றில் எதுவும் ஒருவரைத் தொட்டால் ஒட்டாது. வெண்புள்ளியை 'வெண்குட்டம்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. தொழுநோயோடு அதற்கு எந்த உறவும் இல்லை என்பதால், அந்தச் சொல்லை விட்டுவிடுவதே நியாயம்.

"ஸ்டெம் செல் சிகிச்சை" என்று விளம்பரத்தில் சொல்வதும், செய்தியில் வருவதும் ஒன்றுதானா?

இல்லை. குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, நோயாளியின் சொந்தக் குருதியிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வைத்துவிட்டு, பலமான மருந்தால் அவருடைய நோயெதிர்ப்புத் தொகுதியை அழித்து, பின்னர் அந்தக் கலங்களைத் திருப்பிச் செலுத்துவது. இது பெரிய வைத்தியசாலையில் தனியறையில் பல வாரங்கள் நடக்கும் சிகிச்சை. இரண்டாவது, கொழுப்பிலிருந்தோ தொப்புள் கொடியிலிருந்தோ எலும்பு மச்சையிலிருந்தோ எடுத்த 'மெசன்கைமல்' என்ற வகைக் கலங்களை ஊசியாகச் செலுத்துவது. காலையில் சென்று மாலையில் திரும்பலாம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. மூன்றாவது, வெண்புள்ளிக்காக ஓரிடத்துத் தோலின் நிறக் கலங்களை இன்னோரிடத்துக்கு மாற்றுவது. நான்காவது, 'ஸ்டெம் செல்' என்று பெயர் அச்சிட்ட கிறீம்.

இவற்றுள் ஸ்டெம் செல் சிகிச்சை என்ற வகையில் பலமான சான்று முதலாவதற்கு இருக்கிறது, அதுவும் மேலே சொன்ன தோல் நோய்களுள் ஒன்றுக்கு மட்டும். விற்பவர்கள் அந்தச் சான்றைக் காட்டிவிட்டு இரண்டாவதை விற்கிறார்கள்.

அந்த ஒரு நோய் எது? அதில் என்ன செய்யப்படுகிறது?

ஸ்க்லெரோடெர்மா. அதிலும் தோல் வேகமாக இறுகி, நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளையும் பிடிக்கும் கடுமையான வகை. விரல்கள் குளிரில் வெளுத்து நீலமாகும், வாயை முழுதாகத் திறக்க இயலாது, மூச்சு வாங்கும். தோலின் இறுக்கத்தை மருத்துவர்கள் உடலின் 17 இடங்களில் கிள்ளிப் பார்த்து ஒவ்வோரிடத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளியிட்டு, மொத்தம் 51க்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள்.

சிகிச்சை இப்படி நடக்கிறது. சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்தும், எலும்பு மச்சையைத் தூண்டும் ஊசியும் கொடுத்து ஸ்டெம் செல்களை மச்சையிலிருந்து குருதிக்குள் இறங்கச் செய்கிறார்கள். பின்னர் குருதியை ஓர் இயந்திரத்தின் வழியே சுற்றவிட்டு, வேண்டிய கலங்களை மட்டும் பிரித்து உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். சில வாரங்கள் கழித்து நோயாளியை அனுமதித்து, பெரும் அளவில் சைக்ளோபொஸ்பமைட்டும், டி கலங்கள் என்ற ஒரு வகை வெண்குருதிக்கலங்களை அழிக்கும் ஒரு பிறபொருளெதிரி மருந்தும் ஏற்றுகிறார்கள்; சில நிலையங்களில் உடல் முழுவதும் கதிரும் கொடுக்கப்படும். அதன்பின் உறையவைத்த கலங்கள் ஒரு பை குருதியைப் போலவே நாளத்தில் ஏற்றப்படுகின்றன. அவை தாமாக மச்சைக்கு வழி கண்டுபிடித்துச் சென்று, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புதிய வெண்குருதிக்கலங்களைத் தரத் தொடங்கும். அந்த இரண்டு வாரமும் சாதாரணத் தடிமனும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

இங்கே பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. இந்தச் சிகிச்சையில் நோயை அடக்குவது ஸ்டெம் செல் அன்று. அந்தக் கடும் மருந்துதான். தவறு பழகிய நோயெதிர்ப்புக் கலங்களை மருந்து துடைத்தெடுக்கிறது. மருந்து கொடுத்த வெறுமையிலிருந்து நோயாளியை மீட்பதற்கே ஸ்டெம் செல் வருகிறது. ஆகவே "மருந்தே இல்லாமல் ஸ்டெம் செல் மட்டும் கொடுத்துத் தன்னெதிர்ப்பு நோயைக் குணமாக்குகிறோம், ஸ்க்லெரோடெர்மா ஆய்வுகளைப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால், அவர் அந்த ஆய்வுகளைப் படிக்கவில்லை என்று பொருள். அல்லது நீங்கள் படிக்கவில்லை என்று நம்புகிறார்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஐரோப்பாவில் 156 பேரைக் கொண்டு நடந்த 'அஸ்டிஸ்' ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. 79 பேருக்கு மேலே சொன்ன ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையும், 77 பேருக்கு மாதம் ஒரு முறை வீதம் 12 தடவை சைக்ளோபொஸ்பமைட்டும் வழங்க முடிவாகியிருந்தது. முதலாண்டில் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் 8 பேர் சிகிச்சையின் காரணமாகவே இறந்தார்கள். மற்றப் பிரிவில் அப்படி ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கணக்கு மாறியது. நீண்ட காலத்தில் உயிரோடும் உறுப்புகள் செயலிழக்காமலும் இருந்தவர்கள் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களிடையேதான் அதிகம்.

அமெரிக்காவில் 75 பேரோடு நடந்த 'ஸ்கொட்' ஆய்வு 2018இல் வந்தது. 54 மாத முடிவில், மரணமோ உறுப்புச் செயலிழப்போ இன்றி இருந்தவர்கள் மாற்றுப் பிரிவில் 79 சதவீதம், மருந்துப் பிரிவில் 50 சதவீதம். சிகிச்சையால் நேர்ந்த மரணம் 54 மாதத்தில் 3 சதவீதமாகவும் 72 மாதத்தில் 6 சதவீதமாகவும் இருந்தது. இருதயம் பலவீனமானவர்களை முன்கூட்டியே கண்டறிந்து விலக்குவது இச்சிகிச்சையில் உயிர் காக்கும் விடயம். ஏனெனில் ஸ்க்லெரோடெர்மா இருதயத்தையும் தாக்கும், சைக்ளோபொஸ்பமைட்டும் இருதயத்தைத் தாக்கும்.

சாவு நேரக்கூடிய சிகிச்சையை யாராவது ஏன் ஏற்கவேண்டும் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்குள் நோயே கொன்றுவிடும் நிலையில் இருப்பவருக்கு அந்தப் பேரம் நியாயமானது. முழங்கையில் திட்டுத் திட்டாகச் செதில் உதிரும் ஒருவருக்கு அது நியாயமானதன்று. அதோடு, சிகிச்சைக்குப் பின் பிள்ளை பெறும் ஆற்றல் போய்விடக்கூடும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளையும் திரும்பப் போடவேண்டும். இளம் வயதினர் இதை முன்னரே அறிந்து, கருமுட்டை அல்லது விந்து சேமிப்புப் பற்றி வைத்தியரிடம் பேசியிருக்கவேண்டும். கூச்சத்தால் இதைக் கேட்காமல் விடுவது நம் குடும்பங்களில் சாதாரணம்.

எனக்குச் சொரியாசிஸ். நிரந்தரமாகக் குணமாகும் என்று சொல்கிறார்களே?

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடலாம். ஆயினும் இந்த எண்ணம் வெறும் கற்பனையிலிருந்து பிறக்கவில்லை. அதற்கு ஒரு மூலம் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மச்சை மாற்றுச் செய்துகொண்ட சிலருக்கு, தற்செயலாக இருந்த சொரியாசிஸும் மறைந்துபோனதை மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பிறரிடமிருந்து மச்சை பெற்றவர்களுக்கு அந்த மறைவு பெரும்பாலும் நீடித்தது. தம்முடைய கலங்களையே திரும்பப் பெற்றவர்களில் பலருக்கு நோய் மீண்டும் வந்தது. உங்கள் கலங்களில் இருப்பது உங்கள் மரபணுதானே. சொரியாசிஸுக்கு ஏதுவான மரபணுவோடு பிறந்த ஸ்டெம் செல்லை எடுத்து, திரும்ப அதே உடலுக்குள் விட்டால், அது எங்கிருந்து புதிய பாடம் கற்கும்?

இன்னொரு தடையும் இருக்கிறது. ஆறிவிட்ட சொரியாசிஸ் திட்டு, பல மாதங்கள் கழித்து அதே இடத்தில், சில வேளைகளில் அதே வடிவத்தில் திரும்புவதை நீங்களே கண்டிருப்பீர்கள். நோயை நினைவில் வைத்திருக்கும் டி கலங்கள் அந்தத் தோலுக்குள்ளேயே குடியிருப்பதுதான் காரணம். நாளத்தில் ஏற்றும் ஊசி அவற்றைக் குடியெழுப்பும் என்று காட்டிய வலுவான ஆய்வு கிடையாது.

தொப்புள் கொடி, கொழுப்பு ஆகியவற்றின் மெசன்கைமல் கலங்களைச் சொரியாசிஸுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் உண்டு. சிலருக்குக் குறைந்தது என்பது மெய்யே. ஆனால் ஆட்கள் மிகக் குறைவு, ஒப்பிடுவதற்கு மற்றொரு பிரிவும் பெரும்பாலும் இல்லை. சொரியாசிஸோ தானாகவே ஏறும், தானாகவே இறங்கும் நோய். கொழும்பின் புழுக்கத்திலிருந்து நுவரெலியாவின் குளிருக்குப் போனாலே சிலருக்கு மாறுகிறது. ஒப்பீடு இல்லாத இடத்தில் எது மருந்தின் வேலை, எது காலத்தின் வேலை என்று பிரிக்க இயலாது.

இதற்கிடையில் இந்த நோய் எந்தக் கம்பியைப் பிடித்து இழுக்கிறது என்பது நன்றாகத் தெரியும்: இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23, டிஎன்எப் ஆகிய சமிக்ஞைப் புரதங்கள். அவற்றை நேராகத் தடுக்கும் உயிரியல் ஊசிகள் பெரும்பாலானவர்களின் தோலை ஏறத்தாழ முழுமையாகச் சுத்தமாக்குகின்றன. விலை அதிகம், நிறுத்தினால் நோய் திரும்பலாம், தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும், எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஸ்டெம் செல்லுக்காகக் காணியை ஈடு வைக்கத் தயாராக இருப்பவர், அந்தப் பணத்தில் இவ்வூசி எத்தனை மாதத்துக்கு வரும் என்று தம் நிபுணரிடம் ஒரு முறை கேட்டுப் பார்த்திருக்கவேண்டும். கேட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

மெசன்கைமல் ஸ்டெம் செல் என்பதும் ஸ்டெம் செல்தானே? அது புதிய தோலாக மாறாதா?

மாறாது. நாளத்தில் ஏற்றிய இக்கலங்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிச் சில நாட்களில் அழிந்துவிடுகிறது. ஏதாவது நன்மை விளைந்தால், அது அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிப்பதால்தான். இந்தப் பெயரை 1991இல் வழக்குக்குக் கொண்டுவந்த ஆர்னல்ட் கப்லான் என்ற அமெரிக்க ஆய்வாளரே, ஸ்டெம் செல் என்ற சொல் மக்களைத் தவறான எதிர்பார்ப்புக்குத் தள்ளுகிறது, பெயரை மாற்றுங்கள் என்று 2017இல் எழுதினார். பெயர் மாறவில்லை; வியாபாரத்துக்கு அது வசதியாக இருக்கிறது.

இக்கலங்கள் எதற்குமே உதவாதவை என்றும் சொல்லக்கூடாது. மச்சை மாற்றுக்குப் பிறகு புதிய கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் தாக்கும் ஒரு கடும் நிலையில், ஸ்டீரொயிட்டுக்கு அடங்காத சிறுவர்களுக்காக, இவ்வகை மருந்தொன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அனுமதி அந்த நிலைக்கு மட்டுமே.

லூபஸுக்கு எப்படி?

லூபஸின் வரலாறு நல்ல பாடம். தொப்புள் கொடிக் கலங்களைப் பெற்ற லூபஸ் நோயாளிகள் தேறினார்கள் என்று சீனாவிலிருந்து பல அறிக்கைகள் வந்தன. அவற்றில் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. பின்னர் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட லூபஸ் நோயாளிகள் 18 பேரைக் கொண்டு, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாத முறையில் ஓர் ஆய்வு நடந்து, 2017இல் வெளியானது. வழமையான மருந்துகள் இரு பிரிவினருக்கும் உண்டு. கலங்களைப் பெற்ற 12 பேரில் 75 சதவீதமானோருக்கு நோய் தணிந்தது. வெறும் நீர்மருந்து பெற்ற 6 பேரில் 83 சதவீதமானோருக்குத் தணிந்தது. ஆய்வை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். சிறிய ஆய்வுதான்; ஆனால் ஒப்பீட்டுப் பிரிவு மட்டும் இல்லாதிருந்தால், அந்த 75 சதவீதம் இன்று எத்தனை விளம்பரங்களில் இருந்திருக்கும்.

லூபஸில் இப்போது உண்மையாகவே எதிர்பார்ப்பை எழுப்பியிருப்பது கார்-டி சிகிச்சை. நோயாளியின் டி கலங்களை எடுத்து, பிறபொருளெதிரிகளை உருவாக்கும் பி கலங்களை வேட்டையாடும்படி ஆய்வுகூடத்தில் மாற்றித் திருப்பிச் செலுத்துகிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கியோர்க் ஷெட் தலைமையிலான குழுவினர், லூபஸ் 8 பேர், தசை அழற்சி 3 பேர், ஸ்க்லெரோடெர்மா 4 பேர் என 15 பேரின் முடிவை 2024இல் வெளியிட்டார்கள். அனைவரும் மற்ற நோயெதிர்ப்பு அடக்கு மருந்துகளை நிறுத்தும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். பெரிய ஆய்வுகள் நடந்துவருகின்றன. டி கலம் ஸ்டெம் செல் அன்று என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் கலந்து பேசும் விளம்பரங்கள் இப்போதே வந்துவிட்டன.

பெம்பிகஸ்?

ரிட்டுக்சிமாப் என்ற ஊசியைப் பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் 2018இல் இந்நோய்க்கு அனுமதி பெற்றது, நல்ல பலன் தருவது. ஸ்டெம் செல் பேச்சு இதற்கு இப்போதைக்குத் தேவையில்லை.

வெண்புள்ளிக்குக் கலம் மாற்றும் சிகிச்சை உண்மையானதா?

ஆம், தகுந்தவருக்கு. தொடையிலிருந்து மெல்லிய தோல் துண்டை எடுத்து, நொதியத்தில் ஊறவைத்துக் கலங்களைப் பிரித்து, வெண்மையான இடத்தின் மேற்றோலை உரசி அகற்றி, அங்கே அக்கலங்களைத் தடவிக் கட்டுவார்கள். எடுத்த துண்டைப்போல் பல மடங்கு பரப்பை மூடலாம். நிறம் வரச் சில மாதங்கள் ஆகும். இதில் வேலை செய்பவை நிறம் தரும் கலங்களே. ஆகவே இதை ஸ்டெம் செல் சிகிச்சை என்று அழைப்பது பெயர் அலங்காரம். புள்ளிகள் குறைந்தது ஓராண்டாவது பரவாமல் நிலைத்திருந்தால்தான் செய்யவேண்டும். பரவிக்கொண்டிருக்கும்போது செய்தால் வைத்த நிறமும் போகும். தோல் எடுத்த இடத்திலும் புதிதாக ஒரு வெண்புள்ளி தோன்றலாம்.

உண்மையான ஸ்டெம் செல் வெண்புள்ளி நோயாளியிடம் ஏற்கனவே இருக்கிறது. ஒளிச் சிகிச்சை எடுத்தவர்கள் கண்டிருப்பார்கள்: நிறம் திரும்பும்போது முதலில் மயிர்க்கால்களைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத்தான் திரும்பும். மயிர்க்காலின் உள்ளே ஒளிந்திருக்கும் நிறக்கல ஸ்டெம் செல்களை, 311 நனோமீற்றர் அலைநீளப் புறஊதாக் கதிர் தட்டி எழுப்பி மேலே வரச் செய்கிறது. மயிரே இல்லாத உதடு, விரல் நுனி ஆகிய இடங்களில் ஒளி அதிகம் பலிக்காமல் போவதும், மயிர் நரைத்துவிட்ட திட்டுகள் முரண்டுபிடிப்பதும் அதனால்தான். வாரம் இரண்டு மூன்று தடவை, மாதக்கணக்கில் கிளினிக்குக்கு அலையவேண்டிய அலுப்பான சிகிச்சை அது. பாதியில் விட்டவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

ஜெர்மனியில் ஒரு சிறுவனுக்கு முழு உடல் தோலையும் ஸ்டெம் செல்லால் மாற்றினார்களாமே?

உண்மை. 2015இல் அந்நாட்டின் போஹும் (Bochum) நகரில், சிரியாவிலிருந்து வந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, மரபணு திருத்திய சொந்தத் தோல் ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த தோலால் உடலின் ஏறத்தாழ 80 சதவீதத்தை மூடினார்கள். இத்தாலிய ஆய்வாளர் மிக்கேலே தெ லூக்காவின் குழு அந்தத் தோலை வளர்த்தது. ஆனால் அச்சிறுவனுக்கு இருந்தது பிறவிக் கொப்புள நோய். ஒரு மரபணுவின் பிழை, தன்னெதிர்ப்பு அன்று. பிழையான மரபணுவைத் திருத்தினால் தோல் நிலைக்கும். தாக்குபவர் வெளியே நிற்கையில் சுவரை மட்டும் புதிதாகக் கட்டுவது வேறு விடயம்.

ஸ்டெம் செல் கிறீம்?

அப்பிள் முதலிய தாவரங்களிலிருந்து எடுத்த சாறு. குப்பியில் உயிருள்ள கலம் எதுவும் இல்லை. ஈரப்பதம் கொடுக்கும், அதற்கு இதைவிட மலிவான பொருள்கள் உண்டு.

பிள்ளை பிறந்தபோது தொப்புள் கொடிக் குருதியைச் சேமித்து வைத்தோம். அதைப் பயன்படுத்தலாமா?

அதில் இருப்பவை குருதி உருவாக்கும் ஸ்டெம் செல்கள். ஒரு குழந்தையின் கொடியில் கிடைக்கும் அளவு வளர்ந்த ஒருவருக்குப் பெரும்பாலும் போதாது. தோல் நோய்க்கு அதைப் பயன்படுத்தும் ஏற்கப்பட்ட முறையும் கிடையாது.

ஒரு ஊசிதானே, பலிக்காவிட்டாலும் கெடுதல் என்ன வந்துவிடப்போகிறது?

2015இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பார்வை மங்கிய மூன்று முதிய பெண்களுக்கு, அவர்களுடைய சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்' கண்ணுக்குள் செலுத்தப்பட்டது. மூவரும் பார்வையை அநேகமாக முழுவதும் இழந்தார்கள். 2018இல் அதே நாட்டில், தொப்புள் கொடிக் குருதியிலிருந்து தயாரித்த ஊசியைப் பெற்ற 12 பேர் பற்றீரியாத் தொற்றோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். கலம் என்பது கொதிக்கவைத்துக் கிருமி நீக்கக்கூடிய பொருளன்று. கொதிக்கவைத்தால் கலம் செத்துவிடும். ஆகவே அதைத் தயாரிக்கும் இடத்தின் சுத்தமே நோயாளிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. நீங்கள் ஏற்கனவே நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

இந்த ஊசிக்காக, நோயெதிர்ப்பை அடக்க நான் எடுக்கும் மெதோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

அதையும் சரி, வேறெந்த மருந்தையும் சரி, எழுதிக்கொடுத்த நிபுணரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உதாரணமாக, வாய்வழி ஸ்டீரொயிட்டைத் திடீரென்று நிறுத்திய சொரியாசிஸ் நோயாளிக்கு உடல் முழுவதும் சீழ்க் கொப்புளம் எழுந்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலை வரலாம். ஊசிக்குப் பிறகு வேகமாக நல்ல மாற்றம் தெரிந்தால், அதில் ஸ்டீரொயிட் சேர்த்திருந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். வேகமான மாற்றத்துக்கு அதுவே மிகச் சாதாரணமான காரணம். பேச்சு வந்ததால் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: தோல் நோய்க்கான மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கும் குளிசை. நாளாந்தம் எடுத்தால் உயிர் போகவும் கூடும். துண்டில் எந்தக் கிழமை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இலங்கையில் இச்சிகிச்சை சட்டபூர்வமானதா? யார் பார்க்கிறார்கள்?

மருந்துகளும் அவற்றின் மனித ஆய்வுகளும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பில் வருகின்றன. வைத்தியர் பதிவு பெற்றவரா என்பதை நொரிஸ் கனல் வீதியிலுள்ள இலங்கை மருத்துவ சபையில் சரிபார்க்கலாம். ஆய்வு என்று சொல்லி அழைத்தால், இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்திவரும் ஆய்வுப் பதிவேட்டில் அதன் இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் எவரும் பார்க்கலாம். எலும்பு மச்சை மாற்று நம் நாட்டில் நடக்கிறது, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் அதற்கான பிரிவு உண்டு. அவை குருதி நோய்களுக்கும் புற்றுநோய்களுக்குமானவை. ஸ்க்லெரோடெர்மா கடுமையாக உள்ளவர் தேசிய வைத்தியசாலையின் வாத நோய் அல்லது தோல் கிளினிக்கில் தொடங்கி, அங்கிருந்தே வழி கேட்கவேண்டும். ஒரு முறை சனல் பண்ணிக் காட்டிவிட்டு முடிவெடுக்கும் விடயம் இதுவன்று.

இந்தியாவில் 2017இல் வெளியான தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டி, குருதி உருவாக்கும் ஸ்டெம் செல் மாற்றுக்கு வெளியே உள்ள பயன்பாடுகளை ஆய்வு நிலையிலேயே வைத்திருக்கிறது. எனவே சென்னையில் ஒரு நிலையம் சொரியாசிஸுக்கான ஸ்டெம் செல் ஊசியை வழமையான சிகிச்சை போல விலை குறித்து விற்றால், அந்நாட்டு வழிகாட்டியோடு அது பொருந்தவில்லை.

அவர்களிடம் என்ன கேட்கவேண்டும்?

எந்தக் கலம், யாருடையது, எந்த உறுப்பிலிருந்து, எந்த ஆய்வுகூடத்தில் தயாரித்தது என்று முதலில் கேளுங்கள். என்னுடைய நோய்க்கு, ஒப்பீட்டுப் பிரிவோடு நடந்த ஆய்வு எது என்று கேளுங்கள். குணமானவர்களின் காணொளி ஆய்வாகாது, குணமாகாதவர்கள் காணொளி எடுப்பதில்லை. இது ஆய்வு என்றால் ஏன் என்னிடம் பணம் வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். பக்கவிளைவு வந்து நான் கொழும்பில் படுத்திருந்தால் யார் பொறுப்பு, என் வைத்தியர் யாரை அழைத்துப் பேசலாம் என்றும் கேளுங்கள். முழங்கால் வலி, நீரிழிவு, ஓட்டிசம், சொரியாசிஸ், வழுக்கை எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று பட்டியல் தொங்கினால், கேள்வியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எல்லாம் கேட்டுவிட்டு, போவதென்றே முடிவெடுத்துவிட்டேன். என்ன செய்யவேண்டும்?

மறைக்காமல் உங்கள் கிளினிக் வைத்தியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கோபிப்பார் என்ற பயத்தில் சொல்லாமல் போனவர்கள்தான், திரும்பி வந்தபின் காய்ச்சலோடு எங்களைப் போன்றவர்களிடம் வந்து நிற்கிறார்கள். போகுமுன் குருதிப் பரிசோதனை, ஈரல், சிறுநீரக அறிக்கைகள், நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவற்றின் பிரதிகளையும், திட்டுகளின் திகதியிட்ட படங்களையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்றிய பொருளின் பெயர், தொகுதி இலக்கம், அளவு, கூடவே கொடுத்த மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் எழுதி, கையொப்பமிட்டுத் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள். திரும்பிய பின் காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, மூச்சுத் திணறல், கால் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பாமசியில் பனடோல் கேட்காமல், அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.